பழைய படகு என்ன விலை பெறும்?

பிளவக்கல் பெரியாறு அணையின் முழு உயரம் 47 அடிக்குச் சற்று மேல். பக்கத்தில் இருக்கும் கோவிலாறு அணைக்கு 42 அடிக்கு மேல். ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்த ஆண்டில் இரண்டிலும் தண்ணீர் ஏறும், வத்திராயிருப்பைச் சுற்றியுள்ள கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகும், மீன்குஞ்சு விடுவார்கள். அதோடு பரிசலுக்கும் சின்னப் படகுக்கும் தேவை வந்துவிடும். புதிது வாங்க எல்லோராலும் முடியாது. "தூத்துக்குடிப் பக்கம் ஒரு பழைய பைபர் படகு கிடக்காம்ணே, முப்பதாயிரம் சொல்றாங்க" என்று யாராவது சேதி கொண்டுவருவார்கள்.

முப்பதாயிரம் நியாயமா, கொள்ளையா, அல்லது அடிமாட்டு விலையா? பழைய பைக் என்றால் நமக்குக் கேட்கத் தெரியும்: எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர், ஆர்.சி. யார் பேரில். படகில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் கிடையாது. சந்தையில் ஒட்டிவைத்த விலைப்பட்டியலும் கிடையாது. அதனால் கணக்கை நாமேதான் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு அப்படியொன்றும் கடினம் இல்லை. நான்கு எண்கள் தெரிந்தால் போதும்: புதுப் படகின் இன்றைய விலை, அது மொத்தம் உழைக்கும் ஆண்டுகள், இந்தப் பழைய படகில் மிச்சமிருக்கும் ஆண்டுகள், இதைத் தண்ணீரில் இறக்க ஆகும் செலவு.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. எந்தத் தண்ணீருக்கு, எந்த வேலைக்கு? கடலோரத்தில் ஓடும் பைபர் வள்ளம் அலையை ஏறிக் கடப்பதற்காகச் செய்தது. அணியம் உயர்ந்திருக்கும், நீளமும் எடையும் அதிகம், கரையில் இழுத்துப் போடப் பத்துப் பேர் கை கொடுப்பார்கள். நம் கண்மாயில் அலையும் இல்லை, அந்தப் பத்துப் பேரும் இல்லை. கோடையில் தண்ணீர் வற்ற வற்ற, வண்டலிலும் கல்லிலும் படகை இழுத்துக்கொண்டே போகவேண்டும். இங்கே வேண்டியது இரண்டு பேர் தூக்கக்கூடிய இலேசான படகு, அல்லது பரிசல். கடலோரத் தருவைகுளத்தில் நல்ல விலை போகும் வள்ளம் நம் கூமாப்பட்டியில் அதே விலை பெறாது. படகு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அப்படித்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2025-ல் கூமாப்பட்டி சமூக ஊடகத்தில் பெயர் பெற்றபின் பிளவக்கல் பக்கம் வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் பெருகியது. பழைய மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கி, இருக்கை போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று சவாரி விடலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். வேண்டாம். 2023 மே 7 அன்று கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்து 22 பேரைப் பலிகொண்ட உல்லாசப் படகு, மீன்பிடிப் படகாக இருந்து மாற்றிக் கட்டப்பட்டது. மீன்பிடிப் படகில் பாரம் அடியில் இருக்கும். ஆட்களை ஏற்றினால், அதிலும் மேல்தட்டு போட்டு ஏற்றினால், பாரம் மேலே போய்விடும். எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் தாங்காது. சவாரிக்கு என்று கேட்டால், பழைய மீன்பிடிப் படகின் நியாய விலை பூஜ்யம். மீன்பிடிக்க என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

ஆண்டுக் கணக்கு

ஒரு எடுத்துக்காட்டு எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை; உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய அளவில் புதிய சிறு பைபர் படகு 60,000 ரூபாய். வண்டி வாடகை 6,000. ஆக, புதிது ஊர் வந்து சேர 66,000. அது 12 ஆண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 5,500 ரூபாய் ஆகிறது. பழைய படகுக்கும் ஆண்டுக்கு இதைவிட அதிகம் ஆகக்கூடாது. நியாய விலையின் அடிப்படையே அதுதான்.

இப்போது பழையதற்கு வருவோம். வயது 5. நல்லபடி இருந்தால் இன்னும் 7 ஆண்டு வரும். 7 × 5,500 = 38,500. இதிலிருந்து கழிக்க வேண்டியவை: அடிப்பாகத்தில் புதிதாக இழைத் துணி (மேட்) ஒட்டிப் பூச 8,000, காணாமல் போன துடுப்புகளுக்கு 1,500, வண்டி வாடகை 6,000. மொத்தம் 15,500. மிச்சம் 23,000 ரூபாய். பழைய பொருளில் கண்ணுக்குத் தெரியாத பழுது ஒன்றாவது இருக்கும் என்பதால் மேலும் கொஞ்சம் குறைத்து 20,000-க்குக் கேட்கலாம். முப்பதாயிரம் சொன்ன படகு இதுதான் என்றால், பத்தாயிரம் கூடுதலாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதைச் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. 1962-ம் ஆண்டு வருமான வரி விதிகள் படகுகளுக்கும் கப்பல்களுக்கும் ஆண்டுக்கு 20 சதவீதம் தேய்மானம் வைத்தன. ஒவ்வோர் ஆண்டும் மிச்சமுள்ள மதிப்பில் 20 சதவீதம். 60,000 ரூபாய்ப் படகு முதல் ஆண்டு முடிவில் 48,000, இரண்டாம் ஆண்டு 38,400, மூன்றில் 30,720, நான்கில் 24,576, ஐந்தில் 19,661. நம் கணக்குக்கு அருகில்தான் வருகிறது. ஆனால் வரி விதிக்குப் படகின் நிலை தெரியாது. ஐந்து வயதுப் படகு எல்லாமே அதற்கு ஒன்றுதான். அதனால் இதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இதை வைத்து விலை பேசாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த "7 ஆண்டு" தவறிப்போனால் எல்லாம் தவறிவிடும். அதே படகு இன்னும் 4 ஆண்டுதான் வரும் என்று வையுங்கள். 4 × 5,500 = 22,000; 15,500 கழித்தால் 6,500 ரூபாய்தான் அதன் விலை. மூன்று ஆண்டு வித்தியாசத்தில் 23,000 ரூபாய் 6,500 ஆகிவிட்டது. இழுத்துவரும் செலவும் பழுது பார்க்கும் செலவும் மாறாமல் அப்படியே நிற்பதால்தான் இந்தச் சரிவு. ஆகவே விலை பேசுவதைவிட, மிச்ச ஆயுளைக் கண்டுபிடிப்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

மானியத்தையும் மறக்கக்கூடாது. இதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் தனிப்பட்ட பயனாளிகளுக்கான உதவி பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். நீங்கள் வாங்க நினைக்கும் படகுக்கு இந்த ஆண்டு 40 சதவீத மானியம் கிடைக்கும் நிலை இருந்தால், புதிது உங்களுக்கு 36,000-த்தில் முடிகிறது. வாடகையோடு 42,000, ஆண்டுக்கு 3,500. பழையதன் 7 ஆண்டுக்கு 24,500. செலவு 15,500 போனால் 9,000 ரூபாய்தான் கொடுக்கலாம். 60 சதவீதம் என்றால் இதே கணக்கில் பழைய படகு 2,000 ரூபாய்க்கு மேல் பெறாது. ஆகவே பழைய படகைப் பார்க்கத் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் மீன்வளத் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய், பரிசலுக்கோ படகுக்கோ வலைக்கோ இப்போது மானியம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

கையால் தட்டி, கண்ணால் பார்த்து

கண்ணாடி இழைப் படகு அடுக்கடுக்காகச் செய்வது. வெளியே வழவழப்பான ஜெல்கோட். உள்ளே மேட், ரோவிங் என்று இழைத் துணிகள் ரெசினில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அந்த ஒட்டு விட்டுப்போனால் படகு முடிந்தது. வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். விற்பதற்கு முந்தைய வாரம் அடித்த பெயின்ட் எதையோ மறைக்கிறது. படகின் உட்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே யாரும் பெயின்ட் அடித்து அழகுபடுத்த மாட்டார்கள். ஒட்டுப் போட்ட இடமெல்லாம் அங்கே இழைத் துணியின் நெசவாகவே தெரியும்.

பிறகு ஒரு ரூபாய் நாணயத்தை எடுங்கள். அணியத்தில் தொடங்கி அமரம் வரை, ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் "டக் டக்" என்று கணீரென்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகி "தொப்" என்று விழும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வாருங்கள். தட்டி முடித்து நான்கடி தள்ளி நின்று பாருங்கள். வட்டங்கள் ஆங்காங்கே ஒன்றிரண்டு என்றால் பழுது பார்க்கலாம். அடிப்பாகம் நெடுக வரிசையாகக் கிடந்தால் மிச்ச ஆயுளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் கூடவே நிற்கட்டும். அந்த வட்டங்களைப் பார்த்தபின் விலை தானாகவே கொஞ்சம் இறங்கும்.

தோலில் கொப்புளம்போல் சின்னச் சின்ன மேடுகள் இருக்கின்றனவா பாருங்கள். தண்ணீர் ஜெல்கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். ஒன்றைக் குத்தினால் வினிகர்போலப் புளித்த வாடையோடு நீர் கசியும். உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? அது வெயிலில் கிடந்த வேலை. பொடி மட்டும் என்றால் பயமில்லை, தேய்த்துப் பூசிக்கொள்ளலாம். ஓர் இடத்திலிருந்து நட்சத்திரம்போல் விரிசல் கிளம்பியிருந்தால் அங்கே பலமாக அடிபட்டிருக்கிறது. நேர் உட்பக்கம் என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

இன்ஜின் மாட்டிய படகு என்றால் பின்பலகையை விடாதீர்கள். பல படகுகளில் அதற்குள் பிளைவுட் வைத்து மேலே பைபர் ஒட்டியிருப்பார்கள். இன்ஜினுக்காகப் போட்ட போல்ட் துளை வழியே தண்ணீர் இறங்கி, உள்ளே பலகை மக்கியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு கையாலும் அழுத்தி ஆட்டிப் பாருங்கள். அசைந்தால், பின்பலகையைப் பிரித்து மாற்றும் செலவை முழுதாகக் கழியுங்கள்.

அணியத்திலும் அமரத்திலும் மூடிய அறை இருக்கும். காற்றறையாகவோ தெர்மகோல் அடைத்தோ வைத்திருப்பார்கள். படகில் தண்ணீர் நிறைந்தாலும் மூழ்கவிடாமல் மிதக்க வைப்பது அதுதான். மூடியைத் திறந்து பாருங்கள். தெர்மகோல் தண்ணீர் குடித்து ஊறியிருந்தால் படகின் எடையும் கூடியிருக்கும், ஆபத்தும் கூடியிருக்கும்.

கரையில் வைத்தே ஒரு சோதனை செய்யலாம். படகை மணலில் நன்றாக அமர்த்தி, உள்ளே கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். வெளியே ஈரம் எங்கே பூக்கிறதோ அங்கே ஓட்டை. நிறைய ஊற்றிவிடக் கூடாது. தண்ணீரில் மிதக்கச் செய்த பொருள், தரையில் அவ்வளவு பாரம் தாங்காது. அதன்பின் தண்ணீரில் இறக்கி, இரண்டு பேர் ஏறி, ஒரு பக்கமாகவே சிறிது நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

பழைய படகு என்றால் எப்போது, எங்கே கட்டியது என்றும் கேட்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இழந்த படகுகளுக்கு ஈடாக ஆயிரக்கணக்கில் பைபர் படகுகள் அவசர அவசரமாகக் கட்டப்பட்டன. ஊருக்கு ஊர் புதிய பட்டறைகள் முளைத்தன. பல இடங்களில் தரம் குறைந்தது. அந்தக் காலத்துப் படகு என்று யாராவது இன்றும் கொண்டுவந்தால் அதற்கு விலை என்று ஒன்று கிடையாது. பைபருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒருமுறை இறுகிய ரெசினை மறுபடி உருக்க முடியாது. பழைய இரும்புக் கடைக்காரர் அதைத் தொடவே மாட்டார். இரும்புப் படகைக் கிலோ கணக்கில் போடலாம். மரப் படகில் இன்ஜினும், வின்ச்சும், வெண்கல விசிறியும் தனியே காசாகும். ஆயுள் முடிந்த பைபர் உடம்பு உங்கள் கொல்லையில் கிடந்து இடத்தை அடைக்கும், அவ்வளவுதான்.

மூங்கில் பரிசலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூங்கில் இற்றிருந்தால் பழையது வாங்குவதைவிடப் புதிது முடையச் சொல்வதே மேல்.

இன்ஜினும் வலையும் தனிக் கணக்கு. "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று சொன்னால் பிரித்துச் சொல்லக் கேளுங்கள். இன்ஜினை ஓட்டிக் காட்டுவதற்கு முன் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன் ஓட்டிவைத்திருக்கிறார்கள். ஆறிய இன்ஜின் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதில்தான் அதன் யோக்கியதை தெரியும். ஆனால் நம் அணைக்கு இன்ஜின் வேண்டுமா, அதற்கு அனுமதி உண்டா என்று தெரியாமல் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். அணை நீர்வளத் துறையிடம் இருக்கிறது. மேலே உள்ள மலைக்காடு 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரது சம்மதமும் வேண்டும். தண்ணீரில் இறக்க முடியாத படகு நமக்கு எதற்கு?

ஏலமும் நிவாரணமும் விலை ஆகாது

விலையைப் பற்றிப் பேசும்போது கடலோரத்தில் நடப்பதைச் சுட்டிக்காட்டி, "அங்கே இவ்வளவுக்குப் போச்சே" என்பார்கள். எந்தச் சூழ்நிலையில் போனது என்று கேட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரியும். 2022 பிப்ரவரி 7 முதல் 11 வரை, இலங்கை அரசு தான் பிடித்துவைத்த தமிழகப் படகுகளைக் காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி ஆகிய ஐந்து இடங்களில் ஏலத்துக்கு அறிவித்தது. மொத்தம் 105 படகுகள். கவனிப்பார் இல்லாமல் கரையில் கிடந்து இற்றுப்போன படகு ஏலத்தில் என்ன பெறும்? மிச்சமிருக்கும் இரும்புக்கும் மரத்துக்கும் உள்ள காசு. இதையொட்டிய காலத்தில், அங்கிருந்து மீட்க முடியாத 108 விசைப்படகுகளுக்குத் தலா 5 லட்சமும் 17 நாட்டுப்படகுகளுக்குத் தலா ஒன்றரை லட்சமும் தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. எல்லாப் படகுக்கும் ஒரே தொகை. நேற்றுக் கட்டியதற்கும் அதுவே, இருபது வயதானதற்கும் அதுவே. இன்னொரு பக்கம், 2017-ல் பாக் நீரிணை மீனவர்களுக்காகத் தொடங்கிய ஆழ்கடல் படகுத் திட்டத்தில் ஒரு புதுப் படகின் மதிப்பு தொடக்கத்தில் 80 லட்சமாக இருந்தது. அதில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் கடன், 10 சதவீதம் மீனவர் கையிலிருந்து. ஏலத் தொகை, நிவாரணத் தொகை, திட்டத் தொகை என்று மூன்றும் படகின் பெயரால் வந்தவைதான். ஒன்றுகூட ஒரு மீனவர் இன்னொரு மீனவருக்கு மனமொப்பி விற்ற விலை இல்லை. பிழைப்புக்கு வழியில்லாமல் ஒருவர் விற்ற விலையையும் இந்தக் கணக்கில் கொண்டுவராதீர்கள். அவசரத்துக்கு விற்கிறவரிடம் அடித்துப் பேசி வாங்குவது நியாய விலை ஆகாது.

கடற்படகு என்றால் 1983-ம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு இருக்கும், ஐ.என்.டி., டி.என். என்று தொடங்கும் எண்ணைப் படகிலேயே எழுதியிருப்பார்கள். படகில் உள்ள எண்ணும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா, சான்றில் பெயர் உள்ளவர்தான் விற்கிறாரா என்று பாருங்கள். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கடன் நிலுவை இருந்தால் அது தீர்ந்த கடிதம் வேண்டும். மானியத்தில் வாங்கிய படகு என்றால் அதைக் கைமாற்ற அனுமதி உண்டா என்று மீன்வளத் துறையில் கேட்டுவிடுங்கள். இவற்றில் எது இல்லையென்றாலும் விலையைக் குறைத்து வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம், வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன கணக்கு உங்களுக்கும்தான். ஒட்டுப் போட்ட இடத்தை நீங்களே காட்டிவிட்டால், வாங்குகிறவர் பயத்துக்காகக் குறைக்கும் அந்த இரண்டாயிரம் மூன்றாயிரம் உங்களுக்கு மிச்சம். வெயில் படாமல் கவிழ்த்து ஓலைபோட்டு மூடிவைத்த படகு கூடுதல் ஆண்டுகள் வரும். அதற்கு நீங்கள் கூடுதலாகக் கேட்பதில் தவறே இல்லை. எந்த ஆண்டு வாங்கியது, எந்தப் பட்டறை, எப்போது பழுது பார்த்தது என்ற ரசீதுகளை எடுத்துவையுங்கள்.

வாங்க ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. கண்மாய் வற்றிக் கிடக்கும். படகைக் கேட்பார் இருக்கமாட்டார்கள். படகு கரையில் கவிழ்ந்து கிடப்பதால் அடிப்பாகம் முழுக்கத் தட்டிப் பார்க்கலாம். அணை நிறைந்தபின் தேடினால், அதே படகுக்கு அவர் சொன்னதுதான் விலை. எந்த மாதம் வாங்கினாலும், நாணயத்தால் தட்டிப் பார்க்காமலும் தண்ணீரில் இறக்கிப் பார்க்காமலும் முன்பணம் கொடுக்காதீர்கள். பேசி முடித்த விலையை இரண்டு பேர் கையெழுத்தோடு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.